மகிழ்ச்சிக்காகத் தொண்டு செய்யப் போகலாமா?

மாலைநேரம் (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்ச காலமாக மனதில் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு கேள்வியை இங்கே வைக்கிறேன். வேலை இருக்கிறது, சம்பளம் வருகிறது, வீட்டிலும் பெரிய சிக்கல் எதுவும் இல்லை. ஆனாலும் விடுமுறை நாளில் சாயங்காலம் ஆனால் போதும், என்னவோ ஒரு வெறுமை வந்து உட்கார்ந்துகொள்கிறது. மருத்துவரிடம் போனேன். எல்லாம் விசாரித்துவிட்டு, மனச்சோர்வு நோய் என்று சொல்கிற மாதிரி எதுவும் இல்லை, எங்கேயாவது தன்னார்வ வேலைக்குப் போய்ப் பாருங்கள் என்றார்.

அன்றிலிருந்து இரண்டு விஷயம் உறுத்திக்கொண்டே இருக்கிறது. இது உண்மையிலேயே பலன் தருமா, இல்லை நல்லது செய்தால் நல்லது நடக்கும் என்று பொதுவாகச் சொல்லிவைக்கிற பேச்சா? அப்புறம், எனக்கு மகிழ்ச்சி வேண்டும் என்பதற்காக இன்னொருவருடைய கஷ்டம் இருக்கிற இடத்தைத் தேடிப் போவது முறையா? இந்த இரண்டாவது கேள்விதான் என்னைப் பிடித்து நிறுத்துகிறது. அனுபவம் உள்ளவர்கள் மனம் திறந்து சொல்லுங்கள்.

ஓடம்

தயங்காமல் போங்கள். நான் ஒரு வலிநிவாரண சிகிச்சைப் பிரிவில் பல வருடங்களாகத் தன்னார்வலராக இருக்கிறேன். இனி குணமாகாது என்ற கட்டத்தில் இருப்பவர்கள்தான் அங்கே வருவார்கள். அப்படிப்பட்ட இடத்துக்கு மனமுவந்து போகிறாயா என்று உறவுக்காரர்கள் கேட்கிறார்கள். வெளியே நின்று பார்த்தால் அப்படித்தான் தோன்றும்.

பயிற்சியில் முதலில் சொல்லிக்கொடுத்தது, 'எல்லாம் சரியாகிவிடும்' என்று வாய் தவறிக்கூடச் சொல்லக் கூடாது என்பது. நோயாளிக்கு உண்மை தெரியும். அந்த ஒரு வாக்கியத்தோடு அவர் பேச்சை நிறுத்திவிடுவார். நாற்காலியை இழுத்துப் போட்டு, நம் கண் அவர் கண்ணின் உயரத்துக்கு வருகிற மாதிரி உட்கார வேண்டும். நின்றுகொண்டே பேசினால் இவன் கிளம்பப் போகிறான் என்று நினைத்துக்கொள்வார். தலையணையைச் சரிசெய்வது, உதடு காய்ந்திருந்தால் ஈரப் பஞ்சால் ஒற்றி எடுப்பது, செய்தித்தாள் வாசிப்பது, சும்மா பக்கத்தில் இருப்பது, இவ்வளவுதான் வேலை.

ஒரு பெரியவர் இருந்தார். செய்தித்தாளில் அவருக்குச் சதுரங்கப் புதிர் மட்டும் போதும். எந்தக் காய் எந்தக் கட்டத்தில் என்று நான் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, கண்ணை மூடிக்கொண்டு பலகையை மனதிலேயே அடுக்குவார். ஒரு கட்டத்தை மாற்றி வாசித்துவிட்டால் உடனே, "அங்கதான் ஏற்கெனவே சிப்பாய் நிக்குதே, தம்பி" என்பார். அந்த அரை மணி நேரத்தில் அவர் நோயாளி இல்லை. நானும் என் அலுவலகத்தையும் கடனையும் நினைக்க மாட்டேன். வீடு திரும்பும்போது என் பிரச்சினை ஒன்றுகூடத் தீர்ந்திருக்காது, ஆனால் அது முன்பு இருந்த அளவில் இருக்காது. இதை வேறு எந்த வழியிலும் எனக்குப் பெறத் தெரியவில்லை.

கணக்கும்வழக்கும்

ஓடம் அண்ணா எழுதியதைப் படித்ததும் ஒரு நிமிடம் நின்றுவிட்டேன். ஆனால் மாலைநேரம் கேட்ட முதல் கேள்விக்கு அனுபவத்தை மட்டும் வைத்துப் பதில் சொல்ல முடியாது. நான் புள்ளியியல் படித்தவன், அந்தப் பக்கத்திலிருந்து கொஞ்சம் எழுதுகிறேன்.

தன்னார்வ வேலை செய்கிறவர்கள் மற்றவர்களைவிட மனநிறைவோடு இருக்கிறார்கள் என்று நிறைய ஆய்வுகள் சொல்கின்றன. அதை வைத்து வேலைதான் மனநிறைவைத் தந்தது என்று முடிவு கட்ட முடியாது. உடம்பிலும் மனசிலும் தெம்பு இருக்கிறவர்கள்தானே முதலில் இதற்கெல்லாம் கிளம்புவார்கள்? பெக்கி தாய்ட்ஸ், லிண்டி ஹூவிட் என்ற இரண்டு சமூகவியலாளர்கள் 2001-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் பார்த்தது. ஒரே ஆட்களை வேறு வேறு காலத்தில் பேட்டி எடுத்த தரவு அது. இரண்டு திசையிலும் உண்மை இருப்பதாகத் தெரிந்தது: மனநலம் நன்றாக இருப்பவர்கள் கூடுதலாகத் தொண்டு செய்கிறார்கள், தொண்டு செய்தவர்களின் மனநலமும் பிறகு உயர்கிறது.

2013-இல் வந்த ஒரு தொகுப்பாய்வு, அதாவது பல ஆய்வுகளின் முடிவுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தது, இன்னும் எச்சரிக்கையாகப் பேசுகிறது. நீண்ட காலம் மக்களைப் பின்தொடர்ந்த ஆய்வுகளில் மனச்சோர்வு குறைவு, வாழ்க்கைத் திருப்தி அதிகம், இறப்பு விகிதம்கூடக் குறைவு என்று வருகிறது. ஆனால் குலுக்கல் முறையில் ஆட்களைப் பிரித்துச் செய்த சோதனைகள் அதை உறுதிப்படுத்தவில்லை.

எனக்கு மிகவும் பிடித்த சான்று ஜெர்மனியிலிருந்து வருகிறது. கிழக்கு ஜெர்மனியில் விளையாட்டுச் சங்கம் மாதிரியான பல அமைப்புகள் அரசு ஆலைகளோடு ஒட்டியிருந்தன. அவற்றில் ஏராளமானோர் சம்பளம் இல்லாமல் வேலை செய்தார்கள். 1990-இல் நாடு ஒன்றானதும் ஆலைகள் மூடப்பட்டன, சங்கங்களும் கூடவே மறைந்தன. ஆக, அந்த மக்கள் தாங்களாக விரும்பித் தொண்டு வேலையை விடவில்லை, அது அவர்கள் கையிலிருந்து போய்விட்டது. ஸ்டீஃபன் மையர், அலோயிஸ் ஸ்டுட்ஸர் இருவரும் 2008-இல் இதை ஆராய்ந்து, அப்படி வாய்ப்பை இழந்தவர்களின் வாழ்க்கைத் திருப்தி, இழக்காதவர்களோடு ஒப்பிட்டால் குறைந்திருப்பதைக் காட்டினார்கள். சந்தோஷமானவர்கள்தான் தொண்டுக்கு வருகிறார்கள் என்ற ஒற்றை விளக்கம் இங்கே எடுபடாது.

எனவே என் பதில்: பலன் உண்டு, ஆனால் மருந்துச்சீட்டு மாதிரி எல்லோருக்கும் ஒரே அளவில் எழுதிக் கொடுக்க முடியாது.

நிழல்மரம்

நான் மறுபக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவள். குழந்தைகள் இல்லம் ஒன்றில் தன்னார்வலர்களை ஒருங்கிணைப்பதுதான் என் வேலை. கொஞ்சம் கடுமையாகத்தான் எழுதப் போகிறேன், மாலைநேரம் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

'மனசுக்கு நிம்மதி வேண்டும், குழந்தைகளோடு கொஞ்ச நேரம் இருக்க வேண்டும்' என்று தொலைபேசியில் கேட்பவர்கள் நிறையப் பேர். வருவார்கள், தூக்கிக் கொஞ்சுவார்கள், குழுவாகப் படம் எடுப்பார்கள், கண் கலங்குவார்கள், போய்விடுவார்கள். அவர்களுக்கு அது ஒரு நல்ல நாள். குழந்தைக்கு? ஏற்கெனவே பெரியவர்கள் விட்டுப்போன அனுபவம் உள்ள பிள்ளை அது. புதிதாக ஒருவர் வந்து பாசம் காட்டிவிட்டுக் காணாமல் போனால் அந்தப் பழைய காயத்தில்தான் போய் விழும். சில குழந்தைகள் யார் வந்தாலும் ஓடிப்போய் ஒட்டிக்கொள்வார்கள். பார்ப்பவர்கள் 'எவ்வளவு பாசம்!' என்று நெகிழ்கிறார்கள். முன்பின் தெரியாத ஆளிடம் ஒரு குழந்தை அப்படி ஒட்டுவது கவலைப்பட வேண்டிய அறிகுறி என்று எங்கள் உளவியல் ஆலோசகர் திரும்பத் திரும்பச் சொல்வார்.

அதனால் இப்போது எங்கள் இல்லத்தில் ஒரு கல்வியாண்டு முழுக்க வருவேன் என்று உறுதி தந்தால்தான் குழந்தைகளோடு நேரடியாகப் பழக விடுகிறோம். அதற்கு முன் பின்னணி விசாரணையும் உண்டு. மற்றவர்களுக்குக் கணக்கு எழுதுவது, நூலகத்தை அடுக்குவது, சுவருக்கு வண்ணம் அடிப்பது என்று வேலை தருவோம். வண்ணம் அடிக்கும் வேலை என்றதும் முகம் வாடிப்போகிறவர்களை எனக்கு உடனே தெரியும். அவர்கள் தேடி வந்தது குழந்தைகளின் நலனை அல்ல.

மாலைநேரம்

நிழல்மரம் அக்கா, தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. நான் பயந்ததைத்தான் நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால், மகிழ்ச்சி வேண்டும் என்று வருகிறவர் வராமலே இருப்பதுதான் நல்லதா?

சிறுதூறல்

இல்லவே இல்லை. அக்கா சொன்னதில் ஒரு எழுத்துக்கூட மறுக்க மாட்டேன், ஆனாலும் அந்த முடிவுக்குப் போக வேண்டாம்.

ஓர் ஆய்வை மட்டும் நானும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தில் 1957-இல் பள்ளிப் படிப்பை முடித்த ஆயிரக்கணக்கானவர்களை வாழ்நாள் முழுக்கப் பின்தொடர்கிற பெரிய ஆய்வு ஒன்று இருக்கிறது. தன்னார்வ வேலைக்கு ஏன் போகிறீர்கள் என்று 2004-இல் அவர்களிடம் கேட்டார்கள். 2008-இல் யார் யார் உயிரோடு இருக்கிறார்கள் என்று பார்த்தார்கள். மற்றவர்களுக்காக, சமூகத்தோடு சேர்ந்திருப்பதற்காக என்று சொன்னவர்களிடையே இறப்பு குறைவு. என்னைப் பற்றி எனக்கே நல்லபடியாகத் தோன்றுவதற்காக, என் தொல்லைகளை மறப்பதற்காக என்று சொன்னவர்களுக்கோ, தொண்டே செய்யாதவர்களைவிட எந்தப் பலனும் தெரியவில்லை. சாரா கான்ராத் என்ற உளவியலாளரின் குழு இதை 2012-இல் வெளியிட்டது.

இதைப் படித்துவிட்டு, 'சரி, நம் நோக்கம் தூய்மையானதாக இல்லை, நமக்கு இது ஆகாது' என்று ஒதுங்கிவிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நோக்கம் கல்வெட்டா என்ன, செதுக்கியது செதுக்கியபடியே இருக்க? தற்கொலை எண்ணத்தோடு அழைப்பவர்களுக்கான உதவி எண்ணில் நான் தன்னார்வலர். எங்கள் பயிற்சி வகுப்புக்கு வந்தவர்களைக் கேட்டால் ஒருவர் தனிமை என்பார், ஒருவர் வேலைக்கான சான்றிதழ் என்பார், ஒருவர் வீட்டில் நடந்த ஓர் இழப்பு என்பார். அழைப்பு வந்து காதொலிப்பானை மாட்டிய பிறகு இதெல்லாம் எங்கே போகிறது என்பதுதான் முக்கியம். எதிர்முனையில் ஒருவர் மூச்சு வாங்குவதைக் கேட்டுக்கொண்டிருக்கும்போது 'எனக்கு இப்போது நிம்மதியாக இருக்கிறதா' என்று சோதித்துப் பார்க்கத் தோன்றுமா? தோன்றினால் அழைத்தவர் கண்டுபிடித்துவிடுவார்.

மகிழ்ச்சியை நேராகக் குறிவைத்தால் அது நழுவுகிறது என்பதற்கும் சோதனை இருக்கிறது. ஐரிஸ் மௌஸ் என்பவரின் குழு 2011-இல் செய்தது. மகிழ்ச்சி எவ்வளவு முக்கியம் என்று வலியுறுத்தும் ஒரு கட்டுரையைச் சிலருக்குப் படிக்கக் கொடுத்துவிட்டு, சந்தோஷமான ஒரு படக்காட்சியைக் காட்டினார்கள். அந்தக் கட்டுரையைப் படித்தவர்கள்தான் குறைவாக ரசித்தார்கள். ரசிக்கிறோமா என்று பார்த்துக்கொண்டே இருந்தால் எப்படி ரசிக்க முடியும்?

எங்கள் துறையின் தொடக்கமே இதற்கு நல்ல உதாரணம். சாட் வரா என்ற பாதிரியார் 1953-இல் லண்டனில், தற்கொலை எண்ணம் உள்ளவர்கள் அழைப்பதற்காக ஒரு தொலைபேசி எண்ணை அறிவித்தார். ஆலோசனை சொல்வது தன் வேலை என்றுதான் நினைத்தார். நேரில் வருகிறவர்களின் கூட்டம் அதிகமானதும், காத்திருப்பவர்களுக்குத் தேநீர் கொடுத்துப் பேச்சுத்துணையாக இருக்கச் சில தன்னார்வலர்கள் வந்தார்கள். கொஞ்ச நாளில் அவர் கவனித்தது என்னவென்றால், பலர் அந்தத் தன்னார்வலர்களிடம் பேசி முடித்ததும் அவரைப் பார்க்காமலே தெளிந்து கிளம்பிவிடுகிறார்கள். அடுத்த ஆண்டே தொலைபேசியைத் தன்னார்வலர்களிடம் ஒப்படைத்துவிட்டார். சமாரிட்டன்ஸ் அமைப்பு உருவான கதை இது. தேநீர் கொடுக்க வந்தவர்கள் பெரிய தகுதியோடு வரவில்லை. கேட்கக் காது இருந்தது, நேரம் இருந்தது.

ஆக மாலைநேரம், உங்கள் வெறுமையோடே போங்கள். வாசல்வரை அது கூட வரட்டும். உள்ளே போனதும் வேலையைப் பாருங்கள்.

நிழல்மரம்

சிறுதூறல், இதை ஒப்புக்கொள்கிறேன். எந்தக் காரணத்துக்காக வந்தார்கள் என்று நாங்கள் தோண்டுவதில்லை. சொன்ன கிழமையில் வருகிறார்களா என்றுதான் பார்க்கிறோம்.

கூண்டுத்திறவு

இந்த இழையில் இன்னும் யாரும் தொடாத ஒன்று இருக்கிறது. தொண்டு ஆளைத் தின்றுவிடவும் செய்யும்.

நான் கைவிடப்பட்ட விலங்குகளுக்கான காப்பகத்தில் இருந்தேன். எந்தக் காப்பகம் என்பது வேண்டாம். வாரத்தில் ஒரு நாள் என்று ஆரம்பித்தது தினமும் ஆனது. ராத்திரி அழைப்பு வரும், போக முடியாது என்றால் 'அப்போ அது சாகட்டுமா?' என்பார்கள். இந்தக் கேள்விக்கு ஒரு மனிதனால் என்ன பதில் சொல்ல முடியும்? அங்கே சம்பளத்துக்கு ஆள் வைக்க வேண்டிய இடங்களில் எல்லாம் எங்களைப் போன்றவர்களின் குற்றவுணர்வை வைத்து ஓட்டினார்கள். தூக்கம் போனது, குடும்பத்தில் பேச்சு குறைந்தது. ஒரு கட்டத்தில் அடிபட்ட நாயைப் பார்த்தால் எனக்குள் எதுவுமே அசையவில்லை. இதை இரக்கச் சோர்வு என்கிறார்கள். செவிலியர்களிடமும் விலங்கு மருத்துவர்களிடமும் நிறையக் காணப்படுகிறது.

பிறகு வேறொரு காப்பகம். இங்கே வாரத்தில் ஒரு காலை மட்டும்தான். பயந்துபோன நாய்களுக்கு மனித வாடையைப் பழக்குவது என் பொறுப்பு. கூண்டுக்குள் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொள்வேன். அதன் முகத்தைப் பார்க்கக் கூடாது, கையை நீட்டக் கூடாது. வாய்விட்டு எதையாவது படிப்பேன். முதல் சில வாரங்கள் அது மூலையை விட்டு வராது. ஒரு நாள் முதுகுப் பக்கம் மூச்சு படும். அப்போதும் திரும்பக் கூடாது. இந்த வேலை நேரம் முடிந்ததும் ஒருங்கிணைப்பாளரே வந்து 'கிளம்புங்கள்' என்கிறார். அந்த ஒரு சொல்லுக்காகவே அவர்மேல் எனக்கு மரியாதை.

கணக்கும்வழக்கும்

கூண்டுத்திறவு சொன்னதற்கு ஆதாரமும் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் அறுபதுகளில் இருக்கும் ஆட்களை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2008-இல் வந்தது. வருடத்துக்கு 100 மணி முதல் 800 மணி வரை தொண்டு செய்தவர்களின் மனநலம்தான் மேலே இருந்தது. அதற்குக் குறைந்தாலும் கீழே, கூடினாலும் கீழே. 100 மணி என்பது வாரத்துக்கு இரண்டு மணி நேரம்தான்.

எனக்கு இதில் படுவது, ஒரே மூச்சில் ஒரு முகாமில் செய்து முடித்துவிடுவதைவிட, வாரம் தவறாத இரண்டு மணி நேரம் மனதுக்கு நல்லது. போகிற இடத்திலும் அதுதான் பயன்படும். நிழல்மரம் அக்கா சொன்னதும் இதுவும் ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன பாருங்கள்.

நான்குசுவர்

எல்லோரும் போகிற இடத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் படுக்கையில் இருக்கும் அம்மாவைப் பார்த்துக்கொள்கிறேன். வீட்டை விட்டு ஒரு மணி நேரம் நகர முடியாது. அதோடு புது ஆட்களிடம் பேசுவதென்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். என்னைப் போன்றவர்களுக்காக எழுதுகிறேன்.

நான் தமிழ் விக்கிமூலத்தில், அதாவது பழைய நூல்களை யாரும் இலவசமாகப் படிக்கக்கூடிய இணைய நூலகத்தில், மெய்ப்புப் பார்க்கிறேன். நூல்களை வருடி, படத்தில் உள்ள எழுத்தை உரையாக மாற்றும் எழுத்துணரியில் போட்டு எடுத்த உரை, அசல் பக்கத்தின் படத்தோடு அருகருகே இருக்கும். ஒப்பிட்டுத் திருத்த வேண்டும். 'ர' வரும் இடத்தில் துணைக்கால் நிற்கும், துணைக்கால் வரும் இடத்தில் 'ர' நிற்கும். பழைய அச்சில் 'னை', 'லை' எல்லாம் தும்பிக்கை வைத்த மாதிரி இருக்கும், எழுத்துணரி அங்கே தடுமாறும். மங்கின தாளில் புள்ளி வைத்த எழுத்தா வைக்காத எழுத்தா என்று படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்ப்பேன். அம்மா தூங்கும் நேரத்தில் ஒரு பக்கம், இரண்டு பக்கம். நான் சரிபார்த்த பக்கத்தை முகம் தெரியாத இன்னொருவர் மறுபடி சரிபார்த்து, வேலை முடிந்ததன் அடையாளமாகப் பச்சை நிறமாக்குவார்.

ஓடம் அண்ணாவுக்குக் கிடைப்பது மாதிரி நெகிழ்ச்சி இதில் இல்லைதான். ஆனால் எங்கோ ஒரு மாணவன் நாளை அந்த வரியைத் தேடினால் பிழையில்லாமல் கிடைக்கும். நாள் முழுக்க மருந்தும் துணி மாற்றுவதுமாகப் போகிற எனக்கு, முடிந்த வேலை என்று காட்ட அந்தப் பச்சைப் பக்கங்கள் இருக்கின்றன. வீட்டில் செய்கிற பணிவிடைக்கு முடிவே கிடையாது, அதனால்தான் இது எனக்கு இவ்வளவு பெரிதாகத் தெரிகிறது.

ஓடம்

நான்குசுவர், நெகிழ்ச்சி குறைவு என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு உங்கள் பதிவைப் படித்தபோது அப்படித் தோன்றவில்லை. அம்மாவைப் பார்த்துக்கொள்வதற்கு நடுவில் இதையும் செய்கிறீர்கள். உங்களுக்கும் யாராவது வந்து ஒரு மணி நேரம் அம்மாவோடு இருந்தால் நன்றாக இருக்கும். எங்கள் பிரிவில் அப்படி வீட்டுக்கே போகும் தன்னார்வலர்கள் இருக்கிறார்கள். உங்கள் பகுதியிலும் வலிநிவாரணப் பிரிவு இருந்தால் கேட்டுப் பாருங்கள். கேட்பதில் தயக்கம் வேண்டாம்.

ஒலிவழி

எனக்குப் பார்வை கிடையாது. திரையில் இருப்பதைக் குரலில் வாசிக்கும் திரைவாசிப்பான் வழியாகத்தான் இந்த இழையைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். உதவி பெறுகிறவன் பக்கத்திலிருந்து ஒரு குரல் வர வேண்டும் என்று தோன்றியது.

படிக்கிற காலத்தில் தேர்வுக்கு எனக்காக எழுத வந்தவர்கள் பல விதம். என் தலையைத் தடவி, 'பாவம்' என்று தொடங்கியவர் ஒருவர். எனக்கு அப்போது வேண்டியது, கேள்வியையும் அதற்கான மதிப்பெண்ணையும் நிறுத்தி நிதானமாக வாசிப்பது, நான் சொல்வதைச் சொன்னபடியே எழுதுவது, எந்தப் பக்கத்தில் இருக்கிறோம், இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று கேட்டால் சொல்வது. அவ்வளவுதான். விடை தவறாகத் தெரிந்தால்கூட அவர் திருத்தக் கூடாது, அது என் தேர்வு. எனக்கு மறக்க முடியாத எழுத்தர், அதிகம் பேசாத ஓர் அக்கா. ஒவ்வொரு தேர்வுக்கும் முன்கூட்டியே வந்து நிற்பார். வரமாட்டாரோ என்று நான் ஒரு முறைகூடப் பதறியதில்லை. பார்வையில்லாத மாணவர்களைக் கேட்டுப் பாருங்கள், தேர்வு நாளில் எழுத்தர் வராமல் போவதைவிடப் பெரிய பயம் எங்களுக்கு இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உதவி பெறுகிறவர்கள் எப்போதும் பெறுகிறவர்களாகவே இருக்க வேண்டும் என்று பலர் தங்களை அறியாமல் நினைக்கிறார்கள். புதிதாகப் பார்வை இழந்தவர்களுக்கு நான் தொலைபேசியில் திரைவாசிப்பான் கற்றுக்கொடுக்கிறேன். என் வாழ்க்கையில் என்னைப் பற்றிய எண்ணத்தை மாற்றியது பெற்ற உதவி இல்லை, இந்த வேலைதான். ஃபிராங்க் ரீஸ்மன் என்ற சமூக உளவியலாளர் 1965-இலேயே இதைப் பற்றி எழுதினார்: ஒரே சிக்கல் உள்ள இருவரில் ஒருவர் மற்றவருக்கு உதவும்போது, உதவுகிறவருக்குத்தான் பெரும்பாலும் அதிகப் பலன். குடிப்பழக்கத்திலிருந்து மீண்டவர்களின் குழுக்கள் 1935 முதல் இந்த அடிப்படையில்தான் நடக்கின்றன. குடியை நிறுத்தியவர் இன்னொருவரை நிறுத்த உதவுவதன் மூலம் தானும் குடிக்காமல் இருக்கிறார். அதனால் மாலைநேரம், உங்களுக்கும் பலன் கிடைப்பதில் எங்களுக்கு எந்த மனக்குறையும் இல்லை. இரக்கத்தை மட்டும் வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள், நேரத்துக்கு வாருங்கள்.

பணிநிறைவு

ஒலிவழி தம்பி, அருமை. ஓய்வுபெற்றவன் என்ற முறையில் ஒரே ஒரு விஷயம். வேலை இருந்தபோது 'சார் வந்தால்தான் இது நகரும்' என்று ஒரு இடம் இருந்தது. ஓய்வுக்குப் பிறகு நான் வந்தாலும் வராவிட்டாலும் எதுவும் நிற்காது. இப்போது கூட்டல் கழித்தலில் தடுமாறும் பிள்ளைகளுக்குப் பள்ளி நேரத்திலேயே பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித் தருகிறேன். காய்ச்சலில் ஒரு நாள் போகவில்லை. மறுநாள் ஒரு பையன் முறைத்துக்கொண்டு, "எங்க போனீங்க?" என்றான். அந்தக் கோபம் எனக்கு எவ்வளவு நிறைவாக இருந்தது என்று அவனுக்குத் தெரியாது.

அமெரிக்காவில் எக்ஸ்பீரியன்ஸ் கோர் என்ற திட்டம் இதையே பெரிய அளவில் செய்தது. பால்டிமோர் நகரத்தில் வயதானவர்கள் வாரம் 15 மணி நேரம் தொடக்கப் பள்ளிகளில் உதவினார்கள். அவர்களுடைய நடமாட்டம், சிந்தனைத் திறன் எல்லாவற்றையும் ஆய்வாளர்கள் அளந்து பார்த்தார்கள். எனக்கு 15 மணி நேரம் முடியாது, என் முட்டி விடாது. முடிந்தவரை போகிறேன்.

நிழல்மரம்

மாலைநேரம், எங்கே சேர்வது என்று முடிவு செய்யும் முன் அந்த அமைப்பிடம் சில கேள்விகளைத் தயங்காமல் கேளுங்கள். எனக்கு யார் பயிற்சி தருவார்கள், சிக்கல் வந்தால் யாரைக் கூப்பிட வேண்டும், வர முடியாத நாளில் என்ன செய்வது, விலக வேண்டுமென்றால் எவ்வளவு முன்னதாகச் சொல்ல வேண்டும். இதற்கெல்லாம் தெளிவாகப் பதில் சொல்லும் இடம் நல்ல இடம். 'அதெல்லாம் பார்த்துக்கலாம், நாளைக்கே வாங்க' என்றால் கூண்டுத்திறவுக்கு நடந்ததுதான் உங்களுக்கும் நடக்கும். குழந்தைகள் இருக்கும் இடம் எந்த விசாரணையும் இல்லாமல் உங்களை உள்ளே விட்டால், கண்டிப்பாகத் திரும்பிவிடுங்கள். உங்களை விட்டவர்கள் யாரையும் விடுவார்கள்.

அப்புறம், உங்களுக்கு ஏற்கெனவே கைவந்த வேலையை ஒட்டி ஒன்றைத் தேடுங்கள். நாள் முழுக்கக் கணினியில் இருப்பவர் சாயங்காலமும் கணினியில் தொண்டு செய்தால் சிலருக்குச் சலித்துவிடும், சிலருக்கு அதுதான் எளிது. அது உங்களுக்குத்தான் தெரியும். முதல் மாதத்தில் எதுவும் பொங்கி வராது. பாதை, ஆட்கள், பொருள் இருக்கும் இடம் என்று பழகவே அவ்வளவு நாள் ஆகும். மூன்று மாதம் கழித்து எடை போடுங்கள்.

மாலைநேரம்

எல்லோருடைய பதிவையும் திரும்பத் திரும்பப் படித்தேன். ஒலிவழி எழுதியதுதான் என் தயக்கத்தை எடுத்தது. எனக்குக் குரல் தெளிவாக இருக்கும் என்பார்கள். பார்வையற்ற கல்லூரி மாணவர்களுக்குப் பாடநூல்களை ஒலிப்பதிவு செய்யும் ஒரு குழுவில் சேர்ந்துவிட்டேன். அக்கா சொன்ன கேள்விகளைக் கேட்டேன், எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது. விலக வேண்டுமென்றால் கையில் இருக்கும் நூலை முடித்துவிட்டுத்தான் விலக வேண்டும் என்றார்கள், அது எனக்குப் பிடித்திருந்தது. சனிக்கிழமை காலை என் நேரம்.

முதல் நூல் பொருளாதாரம். வாசிப்பது சரளமாகப் போகிறது, ஆனால் பக்கத்துக்குப் பக்கம் அட்டவணையும் வரைபடமும் வருகின்றன. அவற்றை எப்படி வாசித்தால் கேட்பவருக்குப் புரியும்? ஒலிவழி, நேரம் இருந்தால் சொல்லுங்கள்.

ஒலிவழி

ரொம்ப சந்தோஷம். அட்டவணை வந்தால் முதலில் அதன் தலைப்பு, பிறகு எத்தனை நெடுவரிசை, எத்தனை கிடைவரிசை, நெடுவரிசைகளின் பெயர்கள் என்ன என்று சொல்லிவிடுங்கள். அப்போதே எங்கள் மனதில் கட்டம் போட்டுக்கொள்வோம். அப்புறம் கிடைவரிசை கிடைவரிசையாகப் போங்கள். ஒவ்வொரு எண்ணுக்கு முன்னும் அது எந்த நெடுவரிசை என்று சொல்லுங்கள். வாசிக்கிற உங்களுக்கு அலுப்பாக இருக்கும், கேட்கிற எங்களுக்கு அது இல்லாவிட்டால் மூன்றாவது வரிசையிலேயே குழம்பிவிடும். முடிந்ததும் 'அட்டவணை முடிந்தது' என்று சொல்ல மறக்க வேண்டாம், இல்லாவிட்டால் அடுத்த பத்தியை அட்டவணையின் தொடர்ச்சி என்று நினைத்துக்கொள்வோம்.

வரைபடத்துக்குக் கிடை அச்சில் என்ன, குத்து அச்சில் என்ன, கோடு எங்கே தொடங்கி எந்தப் பக்கம் ஏறுகிறது அல்லது இறங்குகிறது, எங்கே வெட்டிக்கொள்கிறது என்பது போதும். 'அழகான வளைவு' மாதிரி வர்ணனை வேண்டாம். நீங்கள் பதிவு செய்த முதல் அத்தியாயத்தை அனுப்ப முடிந்தால், கேட்டுவிட்டு எங்கே தடுக்குகிறது என்று சொல்கிறேன்.